முகவரி, பெயர், பணம்: வெளிநாட்டு வங்கிக் கணக்கு பற்றிய உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் வங்கிக் கணக்குத் தொடங்குவது பற்றியே இருந்தன. கணக்குக்கு விண்ணப்பிப்பவர்களின் கோப்புகளைச் சரிபார்க்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால், ஆசிரியர் எல்லாவற்றையும் என்னிடமே அனுப்பிவிட்டார்.

பதில்களுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டரில் உங்களிடம் பேசும் ஊழியர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் அல்ல. உங்களைப் பார்க்கவே போகாத இன்னொருவர், நீங்கள் கொடுத்த காகிதங்களை மட்டும் படித்து முடிவெடுக்கிறார். நான் அந்த நாற்காலியில் இருந்தவள். கண்ணியமான, நேர்மையான பலருடைய விண்ணப்பங்கள் காகிதம் சரியாகப் பேசாததால் மட்டுமே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

கேள்வி: ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் போடக் கணக்கு வேண்டும் என்கிறது கம்பெனி. கணக்குக்கு முகவரிப் பதிவு வேண்டும் என்கிறது வங்கி. வீடு தர வேண்டுமானால் வங்கிக் கணக்கைக் காட்டு என்கிறார் வீட்டுக்காரர். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முகவரியில் தொடங்குங்கள். நிரந்தரமான வீடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஓரிரு மாதம் தங்கப்போகும் இடத்தைத் தேடும்போதே, "இங்கே முகவரிப் பதிவு செய்துகொள்ளலாமா, அதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா" என்று கேட்டுவிட்டு, சரி என்று எழுத்தில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதை ஆன்மெல்டுங் என்கிறார்கள். வீடு கொடுத்தவரின் உறுதிக் கடிதம் இல்லாமல் அது நடக்காது. குறுகிய கால வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் இந்தக் கடிதத்தைத் தர மாட்டார்கள். வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் கடிதம் தருகிற இடமே உங்களுக்கு லாபம், ஏனென்றால் கணக்கு மட்டுமல்ல, வரி எண்ணும் அந்தப் பதிவை ஒட்டித்தான் வருகிறது.

பதிவுச் சான்றோடு பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் இவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒப்பந்தத்தில் இருக்கும் பக்கம் முக்கியம். கோப்பைப் படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். உங்கள் கம்பெனியின் மனிதவளப் பிரிவிடம், புதிதாக வருகிற வெளிநாட்டவர் வழக்கமாக எந்த வங்கியில் கணக்குத் தொடங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தைப் பார்த்துப் பழகிய கிளையில் வேலை சுலபமாக முடியும்.

இது எதுவும் நடக்கவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒன்றியத்துக்குள் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றைப் பெறும் உரிமை உண்டு. ஜெர்மனியில் 2016 ஜூன் முதல் பாஸிஸ்கோன்டோ என்ற பெயரில் அது நடைமுறையில் இருக்கிறது. நிலையான முகவரி இல்லாதவர்களும், அகதித் தஞ்சம் கேட்டு வந்தவர்களும்கூட இதைக் கேட்கலாம். முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த 10 வேலை நாளுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். அந்த மறுப்பை வைத்து நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினிடம் முறையிடலாம். கிளையில் "சாதாரண கணக்கு" என்று கேட்காமல் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பெயர் தெரிந்து கேட்பவரைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

அப்புறம் இன்னொன்று. முதல் மாதச் சம்பளத்தை ஜெர்மன் கணக்கில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேறொரு யூரோ நாட்டின் ஐபேன் எண்ணை (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) ஏற்க மாட்டோம் என்று முதலாளி சொல்லக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணப்பரிமாற்ற விதி அதைத் தடுக்கிறது. ஏற்கெனவே அப்படி ஒரு யூரோ கணக்கு இருந்தால், இங்கே கணக்குக் கிடைக்கும்வரை அதிலேயே சம்பளம் வாங்கிக்கொள்ளலாம்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்களும் இதுபோன்ற உரிமை உண்டா என்று பாருங்கள். பிரான்சில் ஒரு வங்கி மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தை வைத்து மத்திய வங்கியிடம் போகலாம். உங்களுக்குக் கணக்குத் தர வேண்டிய வங்கியை அதுவே நியமிக்கும். கனடாவில் வேலை இல்லை, கையில் பணம் இல்லை என்பதற்காக மட்டும் தனிநபர் கணக்கை மறுக்க முடியாது. தேவையான அடையாளச் சான்று இருந்தால் போதும்.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கப் போகிறேன். விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கு ஒன்று தொடங்கியாயிற்று. இதுவே போதுமா?

போதாது. அந்தக் கணக்கு, உங்களிடம் ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டுவதற்கானது. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். வந்து விழுவதற்கு உங்கள் பெயரில் சாதாரண நடப்புக் கணக்கு ஒன்று வேண்டும். போய் இறங்கிய வாரமே முகவரியைப் பதிந்து அதைத் தொடங்கிவிடுங்கள், இல்லையென்றால் பணம் இருந்தும் கையில் காசில்லாமல் நிற்பீர்கள். தொகை அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகம் என்ன சொல்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் கிடையாது. ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதிவிடுகிறார்கள். இதனால் சிக்கல் வருமா?

வரும். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த கோப்புகளில் நின்றுபோனவை பல இந்த இடத்தில்தான் நின்றன. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், விசாவில் அதே பெயர் இரண்டு தடவை, வேலை ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயரும் சேர்ந்து. மூன்றும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும். படிப்பவருக்குத் தெரியாது, ஊகிக்கவும் அவருக்கு அனுமதி இல்லை.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கீழே, கருவி படிப்பதற்கென்று இரண்டு வரி இருக்கும். அதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே திருத்தச் சொல்வது எளிது. ஏற்கெனவே மாறிப்போயிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும் நாட்டுக்கும் உங்கள் நாட்டுக்கும் இடையே 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை நடைமுறையில் இருந்தால், அந்தப் பத்திரத்துக்கு அப்போஸ்தில் என்ற அரசு அத்தாட்சி முத்திரை வாங்கினால் அங்கே செல்லும்.

கேள்வி: வீடு விற்ற பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பினேன். "இது எங்கிருந்து வந்தது" என்று வங்கி கேட்கிறது. திருடனைப் போல நடத்துகிறார்கள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனாலும் பதில் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். கறுப்புப் பணத்தைத் தடுக்க 1989-இல் ஜி-7 நாடுகள் தொடங்கிய எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பின் பரிந்துரைகளை ஒட்டித்தான் இன்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. கேட்காமல் விட்டால் அபராதம் வங்கிக்கு. எல்லோரிடமும் கேட்கிறார்கள். புதிதாக வந்தவரிடம் முன்கதை இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கும். இந்தக் குறிப்பிட்ட தொகை எப்படி வந்தது என்பது ஒன்று. மொத்தத்தில் உங்களிடம் இவ்வளவு சொத்து எப்படிச் சேர்ந்தது என்பது மற்றது. முதல் கேள்விக்கு விற்பனைப் பத்திரம், அதே தொகை உங்கள் பழைய கணக்கில் வந்து சேர்ந்த ஸ்டேட்மென்ட், அங்கிருந்து கிளம்பிய ரசீது, இந்த மூன்றும் ஒரே சங்கிலியாக இருக்க வேண்டும். இடையில் பணம் அண்ணன் கணக்குக்குப் போய்த் திரும்பி வந்திருந்தால் அதற்கும் ஒரு காகிதம் வேண்டும். வேறு மொழியில் உள்ளதை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள், வங்கி தருகிற முழு பி.டி.எஃப். கோப்பை, வெற்றுப் பக்கம் உட்பட, அப்படியே அனுப்புங்கள். ஓரம் வெட்டப்பட்ட ஸ்டேட்மென்டைப் பார்த்தாலே படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

மேலே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள்: எந்த வீடு, எந்தத் தேதியில் விற்றது, எவ்வளவு, எந்தக் கணக்கு வழியாக வந்தது, இங்கே எதற்காகத் தேவை. இப்படி ஒரு கடிதத்தோடு வந்த கோப்புகளைப் படிக்கும்போது எனக்கே நிம்மதியாக இருக்கும்.

பணத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அரசுக்குத் தெரிவிக்கும். அதைத் தவிர்ப்பதற்காகப் பிரித்துக் கட்டுவது, பணம் நேர்மையானதாக இருந்தாலும், தனிக் குற்றம்.

கேள்வி: நான் சாஃப்ட்வேர் வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். எஸ்டோனியாவிலோ அமெரிக்காவின் டெலாவேரிலோ இணையத்தில் கம்பெனி பதிவு செய்தால், ஒரு வாரத்தில் வங்கிக் கணக்கும் உறுதி என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதிவு நடக்கும். கணக்கு உறுதி என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். அந்த உறுதியைத் தர எந்த ஏஜென்டாலும் முடியாது. பதிவு அலுவலகம் படிவம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். வங்கி, இந்தக் கம்பெனியால் நாளை நமக்குத் தொல்லை வருமா என்று பார்க்கும். இரண்டும் வெவ்வேறு வேலை.

எஸ்டோனியா 2014 டிசம்பரில் இ-ரெசிடென்சி அட்டையைக் கொண்டுவந்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் கம்பெனியைப் பதிந்து, மின்-கையெழுத்துப் போட்டு நடத்த அது உதவுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விசா அல்ல, குடியிருப்பு உரிமை அல்ல, வங்கிக் கணக்குக்கான உத்தரவாதமும் அல்ல. டென்மார்க்கின் டான்ஸ்க வங்கியுடைய எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை, அந்த நாட்டில் வசிக்காத வாடிக்கையாளர்களின் சுமார் 20,000 கோடி யூரோ போய் வந்ததும், அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்பதும் 2018-இல் வெளியே வந்தது. அதற்குப் பிறகு, நாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத கம்பெனி வந்து நின்றால் வங்கிகள் தயங்காமல் என்ன செய்யும்? ஆகவே இ-ரெசிடென்சி வைத்திருப்பவர்கள் பலர் வங்கிக்குப் பதில் உரிமம் பெற்ற மின்பணச் சேவைகளில், அதாவது வங்கியாக இல்லாமல் பணத்தை மின்வடிவில் வைத்து அனுப்பித்தரும் நிறுவனங்களில், கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். சிறிய தொழிலுக்கு அது போதும்.

டெலாவேரில் பதிவு செய்தால், வரித்துறையிடமிருந்து ஈ.ஐ.என். என்ற எண் வாங்க வேண்டும். அதற்கான படிவம் எஸ்.எஸ்.-4. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத வெளிநாட்டவரும் ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்பி வாங்கலாம், வரித்துறை அதற்கு ஒரு காசும் கேட்பதில்லை. ஏஜென்ட் அதற்கென்று பெரிய தொகை போட்டிருந்தால், அது அவருடைய கூலி என்று தெரிந்தே கொடுங்கள். அவர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவருக்கே சொந்தமான எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி) என்றால், அமெரிக்காவில் ஒரு டாலர் வரி கட்ட வேண்டியிராவிட்டாலும், உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்த பணப் பரிமாற்றங்களை 5472 என்ற படிவத்தில் வருடாவருடம் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் அபராதம் 25,000 டாலர். சின்னத் தொழிலை மூழ்கடிக்க அது போதும். பதியும் முன்பே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனிலும் வெளிநாட்டில் இருந்துகொண்டே டைரக்டர் ஆகலாம். ஆனால் பெரிய வங்கிகள் பல, டைரக்டர்களில் ஒருவராவது அங்கே வசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன.

என் யோசனை இது. பதிவு செய்யும் முன் இரண்டு மூன்று வங்கிகளுக்கு எழுதுங்கள்: "நான் இந்த நாட்டில் வசிப்பவன், இந்த வேலை செய்கிறேன், கம்பெனி இங்கே பதிவாகும். கணக்குத் தருவீர்களா, என்னென்ன காகிதம் வேண்டும்?" பதில் வந்த பிறகு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். கோப்பைப் படிப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி "ஏன் இந்த நாடு" என்பதுதான். வாடிக்கையாளர்கள் அங்கே இருக்கிறார்கள், அந்த நாட்டுப் பணத்தில்தான் பில் போடுகிறேன், கூட்டாளி அங்கே வசிக்கிறார் என்பவை நல்ல பதில்கள். வரி குறைவு என்று ஒருவர் சொன்னார் என்பது மட்டும்தான் பதில் என்றால், உங்கள் சொந்த நாட்டிலேயே தொழிலைப் பதிவு செய்யுங்கள், வெளிநாட்டுப் பணம் அங்கேயும் வரும்.

என்ன தொழில், யார் வாடிக்கையாளர், மாதம் எவ்வளவு வரும், எந்தெந்த நாட்டிலிருந்து வரும் என்று ஒரு பக்கம் எழுதி, கையில் இருக்கும் ஒப்பந்தங்களையும் பழைய இன்வாய்ஸ்களையும் சேர்த்துக் கொடுங்கள். "கன்சல்டிங்" என்று ஒற்றை வார்த்தை எழுதாதீர்கள். "மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறேன்" என்று எழுதுங்கள். பங்குகள் இன்னொரு கம்பெனியின் பெயரில் இருந்தால், அதன் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்றுவரை வங்கி தோண்டும். எவ்வளவு பங்கு உள்ளவரைத் தேட வேண்டும் என்ற வரம்பைப் பல நாடுகளில் 25 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள்.

பெயருக்கு ஒரு உள்ளூர் டைரக்டரை ஏற்பாடு செய்து தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: கம்பெனி கணக்கு வரும்வரை என் தனிநபர் கணக்கிலேயே தொழில் பணத்தை வாங்கலாமா?

வேண்டாம். தனிநபர் கணக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பல வங்கிகளின் நிபந்தனையிலேயே இருக்கும். மீறினால் கணக்கை மூடிவிடுவார்கள், அந்த நேரத்தில் உங்கள் வீட்டு வாடகையும் அதே கணக்கில் இருக்கும்.

கேள்வி: ஆப் வழியாகப் பத்து நிமிடத்தில் கணக்குக் கிடைத்தது. பெரிய தொகையை அதில் வைக்கலாமா?

அந்த நிறுவனத்துக்கு என்ன உரிமம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வங்கி உரிமம் என்றால் டெபாசிட் காப்பீடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,00,000 யூரோ வரை, அமெரிக்காவில் 2,50,000 டாலர் வரை, பிரிட்டனில் 2025 டிசம்பர் முதல் 1,20,000 பவுண்டு வரை. வெளிநாட்டவர் என்பதால் இது குறையாது.

மின்பண உரிமம் மட்டும் உள்ள நிறுவனத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை. வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாதுகாப்பு. அமெரிக்காவில் 2024-இல் சினாப்ஸ் என்ற நிறுவனம் திவாலானது. ஆப்களுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் இருந்த நிறுவனம் அது. பணம் உண்மையான வங்கிகளில்தான் இருந்தது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு ஒத்துப்போகவில்லை. பல ஆயிரம் பேர் மாதக்கணக்கில் சேமிப்பைத் தொட முடியாமல் தவித்தார்கள். ஆகவே ஆப் கணக்கை அன்றாடச் செலவுக்கும் பணம் அனுப்புவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு வங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: வெளிநாட்டுக் கணக்கு பற்றி என் நாட்டு வரித்துறைக்குத் தெரியுமா?

தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2014-இல் வகுத்த சி.ஆர்.எஸ். ஏற்பாட்டின்படி 2017 முதல் நாடுகள் கணக்கு விவரங்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் அதில் இருக்கின்றன. அமெரிக்கா அதில் சேரவில்லை, 2010-ஆம் ஆண்டின் ஃபாட்கா சட்டம் என்று அதற்குத் தனி வழி இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது "எந்த நாட்டில் வரி கட்டுபவர்" என்று ஒரு படிவம் தருவார்களே, அது இதற்குத்தான். அது குடியுரிமை பற்றிய கேள்வி அல்ல. வருடத்தின் நடுவில் நாடு மாறினவர்கள் இரண்டு நாட்டையும் குறிக்க வேண்டி வரலாம், அதைத் தெரிந்த ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: காரணமே சொல்லாமல் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டாலும் பதில் இல்லை.

சில சமயம் காரணத்தைச் சொல்ல அவர்களுக்கே சட்டத்தில் தடை இருக்கும். அதனால் ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை. உடனே எல்லா வங்கிகளுக்கும் அதே காகிதங்களை அனுப்பவும் வேண்டாம். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா, முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் வந்ததா, விசா சீக்கிரம் முடிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். விசா முடியப்போகிறது என்றால் புதுப்பித்த பிறகு போவதே நல்லது. அடுத்த வங்கிக்கு இணையத்தில் விண்ணப்பிக்காமல் கிளைக்கு நேரில் போங்கள். கருவி நிராகரிக்கும் விஷயங்களை ஒரு மனிதர் விளக்கம் கேட்டு ஏற்றுக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஜப்பானில் வேலை முடிந்து அடுத்த மாதம் கிளம்புகிறேன். புதிதாக வந்திருக்கும் ஒரு பையன், ஆறு மாதம் ஆகாததால் தனக்குச் சரியான கணக்குக் கிடைக்கவில்லை, என் கார்டையும் ரகசிய எண்ணையும் விட்டுவிட்டுப் போங்கள், பணம் தருகிறேன் என்கிறான். பாவமாக இருக்கிறது.

கொடுக்காதீர்கள். ஜப்பானில் கணக்கைக் கைமாற்றிக் கொடுப்பது சட்டப்படி குற்றம், வாங்குவதும் குற்றம். அந்தக் கணக்கில் ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் வந்து விழுந்தால், போலீஸ் தேடுவது உங்கள் பெயரை. பிற்காலத்தில் விசா கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேறு யாருக்கோ கணக்குச் சேகரித்துக் கொடுப்பவர்கள், மாணவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தப் பையன் உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தால் அவனுக்கு வழி இருக்கிறது. வெளிநாட்டவர் ஆறு மாதம் ஆகும்வரை வசிப்பவராகக் கருதப்படுவதில்லை என்பது சரிதான். ஆனால் ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் முகவரியைப் பதிந்து, வேலைச் சான்றோடு வங்கிக்குப் போகச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடைசிச் சம்பளம், வாடகை முன்பணம், வீட்டு மின்கட்டணம் எல்லாம் தீர்ந்த பிறகு கிளைக்கு நேரில் போய்க் கணக்கை மூடுங்கள். மூடியதற்கான காகிதத்தையும் கடைசி வருட ஸ்டேட்மென்டையும் கேட்டு வாங்குங்கள். ஓய்வூதியத்தில் கட்டிய தொகையின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற, கிளம்பிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். அது உங்கள் பெயரில் வெளிநாட்டில் உள்ள கணக்குக்கே வந்துவிடும், அதற்காக ஜப்பான் கணக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை.